ரசீது இல்லாத சிவப்பரிசி

பிராங்பேர்ட்டில் ஒரு பயோ கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது, பயோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் ஏழு வருடம் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவியவன் நான். செயற்கை உரமும் பூச்சி மருந்தும் போடாமல் விளைந்த சாமான்தான் பயோ என்று முதலாளியம்மா விளக்கினார்.

முதல் நாளே பிழை விட்டேன். வந்திறங்கிய கரட் பெட்டியில் பாதி மண். நல்ல பெயர் எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, பளபளவென்று அடுக்கி வைத்தேன். முதலாளியம்மா தலையில் கை வைத்துவிட்டார்.

“ஐயோ, மண் இருந்தால்தானே வாங்குவார்கள்!”

கழுவிய கரட் எங்கள் மத்தியானச் சூப்புக்குப் போயிற்று. மண் கரட்டை முன்னுக்கு வைத்தோம். பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டது. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் லொறி அளவு ஜீப்பில் வந்து, அதை நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு, “இந்த ஆப்பிள் தூரத்திலிருந்து வந்ததா? பூமிக்குக் கூடாதே” என்று கவலைப்பட்டார்கள்.

முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலையைப் பின்னி விட்டிருப்பார். நல்ல மனுசி. எங்கள் நாட்டைப் பற்றி அடிக்கடி கேட்பார். “உங்கள் ஊரில் எல்லாம் இயற்கைதானே?”

“எல்லாம் இயற்கைதான்” என்று நானும் சொல்வேன். உண்மையில் நான் யாழ்ப்பாண டவுனில், சைக்கிள் கடைக்குப் பின்னால் வளர்ந்தவன். நெல்வயலை பஸ் ஜன்னலால் பார்த்ததுதான்.

அது இலங்கையில் போர் நிறுத்தியிருந்த சமாதான காலம். ஊருக்குப் போகும் பாதை திறந்திருந்தது. மனைவி மன்னாருக்குப் போய்த் தன் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். போகும்போது பெட்டி நிறைய உடுப்பு. வரும்போது பெட்டி நிறையத் தங்கச்சியின் வயலில் விளைந்த சிவப்பரிசி. அதில் மூன்று கிலோவை முதலாளியம்மாவுக்குக் கொடுக்க நினைத்தேன். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் மதிப்பில்லை. கடையில் அரிசி பருப்பு நிறுத்துப் போடும் மண்ணிறக் கடதாசிப் பை ஒன்றில் போட்டுக் கட்டினேன். அந்தப் பையில் பச்சை விளிம்பு வைத்த ஆறு மூலைப் பயோ முத்திரை அச்சடித்திருந்தது. அழகாகத்தான் இருந்தது.

“ஒரு துளி மருந்து படாதது” என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அவர் பையைக் கடையின் பின்னறை இறாக்கைத் தட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒரு கிழமையில் தன் சமிபாடு சீராகி, சாப்பிட்டது நன்றாகச் செரிப்பதாகச் சொன்னார். மறு கிழமை தோலும் மினுங்குவதாகச் சொன்னார். யோகா வகுப்புத் தோழிகளுக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தாராம்.

அந்த நேரம் பார்த்து, கடையில் விற்பது உண்மையில் பயோதானா என்று பார்க்கும் வருடாந்தப் பரிசோதனை வந்தது. பரிசோதகர் மெலிந்த இளம் மனிதர். பெற்றோல் நிலையத்தில் வாங்கிய, சொசேஜ் இறைச்சி வைத்த பாண் ரொட்டியைக் காருக்குள் இருந்து சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே வந்தார். எதையும் ருசி பார்க்கவில்லை, மணந்தும் பார்க்கவில்லை. பருப்பு மூட்டை ஒன்றைக் காட்டி அதன் ரசீதைக் கேட்டார். ரசீதை வைத்து, அனுப்பியவரின் சான்றிதழையும் அதிலுள்ள பரிசோதனை இலக்கத்தையும் கேட்டார். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு விற்றீர்கள், எவ்வளவு மிச்சம்? வாங்கியதைவிடக் கூட விற்றிருந்தால், இடையில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்னறைக்குப் போனார். கையில் என் பையுடன் திரும்பி வந்தார்.

“நீங்கள் சிவப்பரிசி வாங்கியதாக ஒரு ரசீதும் இல்லை. ஆனால் இரண்டு கிலோ இருக்கிறது.”

முதலாளியம்மா என்னைப் பார்த்தார்.

“அது என் மச்சாளின் வயல் அரிசி” என்றேன்.

“மச்சாளின் பரிசோதனை இலக்கம்?”

“இலக்கம் இல்லை. ஆனால் பதினைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். நல்லவர்.”

“அதை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை.”

“நானே சாப்பிடுகிறேன். நஞ்சில்லை என்று உடம்பே சொல்கிறது” என்று முதலாளியம்மா குறுக்கிட்டார்.

“உடம்பு சொன்னதற்கும் இடமில்லை” என்றார் அவர். ஆள் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. முத்திரையிட்ட பையில் மூலம் தெரியாத பண்டம் என்று எழுதி, இரண்டு கிழமைக்குள் விளக்கம் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளியம்மா என்னை ஏசவில்லை. நனைந்த வைக்கோல் மணக்கும் தேநீர் ஒன்றை ஊற்றித் தந்தார். எனக்குத்தான் மனம் கொதித்தது. பாணுக்குள் சொசேஜ் வைத்துத் தின்கிறவன் என் மச்சாளைச் சந்தேகப்படுவதா? ஞாயிற்றுக்கிழமை காலை போன் கார்ட் ஒன்றைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன்.

“பிள்ளை, நீங்கள் வயலுக்கு மருந்து அடிக்கிறேல்லை எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

“மருந்து அடியாமலோ? என்ன அத்தான், பகிடி விடுறியளோ? பூச்சிக்கு ரெண்டு தரம், புல்லுக்கு ஒருக்கா. அடியாட்டி ஒரு நெல்மணி மிஞ்சாது.”

“மூண்டு தரமோ?” என்று கேட்டேன். அவள் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“யோசியாதேங்கோ அத்தான். நல்ல மருந்துதான். போத்தலிலை ஜேர்மனி எண்டு போட்டிருக்கு.”

திங்கட்கிழமை உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதலாளியம்மா எலுமிச்சைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். “சமிபாடு நன்றாகத்தானே இருந்தது” என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு எழுந்து, யோகா வகுப்புக்காரர் யாராவது கடைக்கு வந்தால் வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். பரிசோதகருக்கு, ‘தனிப்பட்ட அன்பளிப்பு, பயோ அல்லாதது, அகற்றப்பட்டது’ என்று எழுதினார். அதோடு விஷயம் முடிந்தது.

அதற்குப் பிறகு யாராவது “இது நிச்சயமாகப் பயோதானா?” என்று கேட்டால் நான் சத்தியம் பண்ணுவதில்லை. பொதியைத் திருப்பி இலக்கத்தைக் காட்டுவேன். யாரோ ஒருவர் வருடத்துக்கொருமுறை வந்து ரசீதுகளைக் கிண்டியிருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு வாடிக்கைக்காரிக்கு அது பிடிக்கவில்லை. “இலக்கம் கிடக்கட்டும், அந்த விவசாயி எப்படிப்பட்டவர், சொல்லு” என்றார். நான் ஜாக்கிரதையாக, எனக்கு அவரைத் தெரியாது என்றேன்.

அகற்றப்பட்ட இரண்டு கிலோவும் எங்கள் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை மனைவி அதில் சோறாக்கி, மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே தங்கச்சியின் மருந்துக் கதையைச் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்ப உங்களுக்கு இன்னும் சோறு போடுறதோ, விடுறதோ?”

“போடுங்கோ” என்று சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.