இரண்டாம் வரிக்கு வரும்போது

பெரிய விபத்தெல்லாம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் நான் லாரியில் அடிபட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுப்பு முடிந்திருந்த நேரம். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டதால், அண்ணன் அதைத் தார்ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொட்டிப் பரப்பி, காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். இங்கே எல்லோரும் செய்வதுதான். நான் கடைத்தெருவிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பினேன். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ஒதுங்கலாம் என்று நெல் மேல் வண்டியை விட்டேன். முன்சக்கரம் வழுக்கியது. ஹெல்மெட்டோடு தலை ஒருமுறை ரோட்டில் மோதியது. முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது. அவ்வளவுதான்.

ஓடிவந்து தூக்கியவர் அண்ணன்தான். "பாத்து ஓட்டக் கூடாதா பாப்பா?" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிக்கொண்டே என் முழங்கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டார். நான் வழுக்கியது அவர் நெல்லில்தான் என்பதை அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, ஒரு வாரம் ஓய்வு போதும் என்றார் டாக்டர். ஓய்வில் இருந்தேன். தலைவலி போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

என் வேலையைச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டரில் நாம் தொடுகிற ஆப்களுக்கெல்லாம் அடியில், இயந்திரத்தை ஒட்டியே ஓடுகிற மென்பொருள் ஒன்று உண்டு. அதை எழுதுவதும், அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதும்தான் என் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு குத்தகைக்கு நிலம் பிடித்தார். நான் இன்ஜினியரிங் படித்தேன். பெங்களூர், பிறகு சென்னை. கொரோனாவுக்குப் பின் ஊரிலிருந்தே வேலை. என் கணவருக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கூட வாத்தியார் வேலை என்பதால் இங்கேயே தங்கிவிட்டோம்.

எங்கோ ஒரு மெஷின் உறைந்துபோகும். உறைந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்த அத்தனையையும் ஒரு கோப்பாக எனக்கு அனுப்புவார்கள். உள்ளே ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு வேலை தொட்டுக்கொண்டிருப்பதை இன்னொன்று தொடாமல் தடுக்கிற ஏற்பாட்டைப் பூட்டு என்போம். அதில் ஒன்று ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பூட்டுக்காகக் காத்திருக்கும். அந்த இன்னொரு பூட்டை வைத்திருப்பதோ, முதல் பூட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டும் நகராது. எது எதைப் பிடித்திருக்கிறது என்று முழுவதையும் ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தினால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும். எனக்கு அது வந்தது. கண்ணை மூடினால் அந்த மெஷின் முழுசாக எதிரே நிற்கும். ஒருத்தர் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. டீமில் யாருக்கும் பிடிபடாதது கடைசியில் என்னிடம் வரும்.

அன்றைக்கு வந்திருந்ததும் அப்படி ஒன்றுதான். திறந்தேன். முதல் வரியைப் படித்தேன், புரிந்தது. இரண்டாம் வரிக்கு வந்தேன், அதுவும் புரிந்தது. ஆனால் முதல் வரி போய்விட்டிருந்தது.

மேலே போய்த் திரும்பப் படித்தேன். கீழே வந்தால் மறுபடியும் இல்லை. எழுத்து தெரிகிறது, வார்த்தை தெரிகிறது, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக அர்த்தமும் தெரிகிறது. ஒன்றோடொன்று சேரவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். நான் எழுதிய பழைய புரோகிராம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதுதான், நான் எழுதிய குறிப்புகள்தான். யாரோ ஒருத்தி எழுதியதைப் போல இருந்தது. அவள் ஏன் இங்கே இந்தப் பூட்டைப் போட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்துபோய்ச் செய்தித்தாளைப் படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. அப்படியானால் எதுதான் போயிற்று?

அன்று மதியம் மீட்டிங். டீமில் என்னைவிட இளையவர் ஒருவர், பல வருஷமாக என்னோடு இருப்பவர், "நீங்க பாத்தீங்களா? எங்க தப்புன்னு தோணுது?" என்று கேட்டார்.

"பாத்துட்டு இருக்கேன். நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும். அந்த வாரம் அரிசியை ஒரு அடுப்பிலும் ரசத்தை இன்னொரு அடுப்பிலும் வைத்துவிட்டு, ரசம் இருப்பதே தெரியாமல் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கருகிய வாசனைக்குத்தான் என் கணவர் அடுப்படிக்கு வந்தார். அப்போது அவரிடம் சொன்னேன்.

"அலுப்பா இருக்கும்மா. தூங்கி எழுந்தா சரியாயிடும்," என்றார்.

"தூங்கித் தூங்கித்தான் எழுந்துக்கறேங்க. எனக்கு வேலை தெரியல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "மூளை ஒரு குலுங்கு குலுங்கியிருக்கு. ஸ்கேன்ல இதெல்லாம் தெரியாதும்மா. பல விஷயத்த ஒண்ணா ஞாபகத்துல நிறுத்துறதுதான் முதல்ல அடிபடும். வந்துரும்."

"எப்ப வரும்?"

"அது ஆளுக்கு ஆள் வேற."

"முழுசா வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும்."

பெரும்பாலும் என்ற சொல்லோடு பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் வேலையில், பெரும்பாலும் பிடிக்கிற பூட்டைப் பூட்டாகவே சேர்த்துக்கொள்ள மாட்டோம். ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயல் முழுக்க உளுந்து முளைத்துப் பச்சை விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இந்தத் திறமை இல்லாவிட்டால் நான் யார் என்று யோசித்தேன்.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல மனுஷிதான், எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சிக்கலை அந்த இளையவரிடம் கொடுத்தார்கள். அடுத்த வாரமே அவர் கண்டுபிடித்துவிட்டார். மெயிலைப் பார்த்தேன். விளக்கம் சுத்தமாக இருந்தது. பாராட்டி எழுதிவிட்டு வாசலில் போய் நின்றேன். நான் இல்லாவிட்டால் நடக்காது என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் அண்ணனுக்கு என் கணவர் மூலம் போய்விட்டது. ஒரு மத்தியானம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் நெல்லுலதான விழுந்த," என்றார்.

"டிராக்டர் வந்துச்சு அண்ணே. நான்தான் நெல்லு மேல ஏத்துனேன்."

"நெல்லு இல்லன்னா?"

நான் காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுல நீ என்ன வேலைதான் செய்யற?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. ஊரில் யாராவது விசாரித்தால், தங்கச்சி கம்ப்யூட்டரில் இருக்குது என்று சொல்வதோடு சரி.

பூட்டு, காத்திருப்பது எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். சொல்ல முடிந்ததே எனக்கு ஆச்சரியம். என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, செய்யத்தான் முடியவில்லை. பிறகு சிறிய ஒரு பழைய கோப்பை எடுத்து ஒவ்வொரு வரியாக அவருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் தொலைத்துவிட்டு நின்றேன்.

"முதல் பூட்ட மூணாவது ஆளு வச்சிருக்கான்னு சொன்ன," என்றார் அண்ணன்.

வெயில் தாழும்வரை தினமும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அதை அவரே சொன்னார். சில நாள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ஆனால் நான் வாயால் சொன்னதை விழித்திருக்கும்வரை கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நெல்லைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் அவருக்கு வயலில் வேலை வந்துவிட்டது. அதன் பிறகு தனியாகவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தது, ஆனால் துண்டுதுண்டாக. ஒரு நாள் நான்கு வரியைச் சேர்த்துப் பிடிக்க முடியும், மறுநாள் இரண்டுகூட நிற்காது. நான்கு நிற்கிற நாட்கள் மெல்ல அதிகமாயின. கண்ணை மூடினால் மெஷின் முழுசாக எதிரே நிற்பது மட்டும் வரவில்லை. இப்போது பேப்பரில் படம் போட்டு, அம்புக்குறி போட்டுத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு மெஷின் உறைந்தது. என்னிடம் கொடுங்கள் என்று நானே கேட்டேன். முன்பு ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை, ஒரு வாரம் ஆயிற்று. மேஜை முழுக்கப் பேப்பர். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். அனுப்பும்போது, யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள் என்றும் எழுதினேன்.

அந்த இளையவரிடமிருந்து பதில் வந்தது. "செக் பண்ணிட்டேன். சரியா இருக்கு."

சரிபார்க்கச் சொன்னது நான்தான். இனி அப்படித்தான் செய்ய வேண்டும், அதுதான் முறையும்கூட. ஆனால் அதுவரை என் பதிலை யாரும் சரிபார்த்ததே இல்லை. அந்த வரியைப் படித்தபோது சந்தோஷமும் இருந்தது, ஒரு திடுக்கிடலும் இருந்தது.