ஊரைத் தாண்டிப் பெய்த மழை

புகைப்படத்தில் அத்தான் ஒரு தண்ணீர் லாரியில் கைவைத்து நிற்கிறார். பின்னால் நேரான சாலை, இரு ஓரமும் இடுப்புயர வேப்பங்கன்றுகள், அவற்றுக்கு அப்பால் மணல். தொண்ணூறுகளின் கடைசியில் வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து அவர் அனுப்பிய படம் அது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லையே என்றாள்.

அதுவரை அத்தான் விடுப்பில் வரும்போது மட்டும்தான் அவளுக்குக் கணவர். அடுத்த விடுப்பில் வந்தவர், குடும்ப விசா கிடைத்துவிட்டது என்றார். அக்கா போக மறுத்துவிட்டாள். சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் ஆண்டில் பாதி மழைதான். மழையே வராத ஊரில் எதைப் பார்த்து நாளைக் கழிப்பது என்பது அவள் கேள்வி. இனியும் அவளைப் பிரிந்து இருக்க அத்தானால் முடியாது; அவள் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இங்கே அவருக்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை.

அத்தான் வாதாடுகிறவர் அல்லர். பார்த்ததைச் சொல்வார், அவ்வளவுதான். நகரத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலையின் மரங்களுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை என்பதால் பகல் முழுவதும் வானத்தின் கீழேதான் இருந்தார்.

“அந்த ஊரு பெருசாக ஆக மழையும் கூடுது. ரோடும் கட்டடமும் கொதிக்கும். அந்தச் சூடு கடல் காத்தையும் இழுத்துக்கிட்டு மேல போகும். மேகம் நம்ம தலைக்கு மேலதான் கூடும். ஆனா பெய்யுறது ஊரைத் தாண்டி, கிழக்கால.”

“பின்னே, அது உங்க லாரிக்குப் பெய்யுற மழை. எனக்கு எங்கே?” என்றாள் அக்கா.

அப்போது நான் செய்தித்தாள் ஒன்றில் உதவி ஆசிரியர். வேறு ஒரு செய்திக்காக வானிலை ஆய்வாளர் ஒருவரிடம் பேசியபோது இதையும் கேட்டேன். அவர் அதை மறுத்துவிடவில்லை. வறண்ட பகுதியில் நகரத்தின் வெப்பமும் உயரமான கட்டடங்களும் காற்றை மேலே தூக்கலாம். கடலின் ஈரமும் சேர்ந்தால் காற்று போகும் திசையில் மழை கூடலாம். தூசும் புகையும் அதைக் கெடுக்கவும் செய்யலாம். ஆனால் ஒரு லாரி ஓட்டுநர் கண்ணால் பார்த்தது ஆதாரமாகாது என்றார். அத்தானிடம் அப்படியே சொன்னேன்.

“நான் ஆதாரம் காட்டவா போறேன்? பெண்டாட்டியக் கூப்பிடுறேன்,” என்றார்.

கடைசியில் அக்காவும் இறங்கிவந்தாள்: ஓர் ஆண்டு இருந்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் இருவருமே திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு வானம் இருட்டுவதை முதலில் பார்ப்பவர் எல்லா வீட்டுக் கொடிகளிலிருந்தும் துணியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். யார் துணி என்று பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. அக்கா அந்த வழக்கத்தோடுதான் விமானம் ஏறினாள். போன முதல் குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், நகரத்தின் மேல் மேகம் கறுத்துத் திரண்டது. அவள் மொட்டைமாடிக்கு ஓடி அந்தக் கட்டடத்துத் துணி முழுவதையும் எடுத்துவந்து, மடித்துத் தன் கட்டிலில் அடுக்கினாள். மழை பெய்யவில்லை. துணியைத் தேடிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கீழ்வீட்டு எகிப்துக்காரப் பெண் தன் பிள்ளையின் பள்ளிச் சட்டை அந்த அடுக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினாள். மொழி தெரியாத அக்கா ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டினாள். அதற்குள் வானம் வெளுத்திருந்தது. போதும், ஊருக்கே போய்விடலாம் என்று அந்த நிமிடத்தில் நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

அப்போதுதான் அத்தான் தொப்பலாக நனைந்து படியேறி வந்தார். செருப்பில் சேறு. நகரத்தின் கிழக்கு விளிம்பில் நல்ல மழை. விஷயம் புரிந்ததும் சட்டையைக் கழற்றி அந்தப் பெண்களின் முன்னால் பிழிந்தார். வாசலில் தண்ணீர் ஓடியது. முதலில் சிரித்தவள் எகிப்துக்காரப் பெண். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு அவரவர் துணியைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவள் ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்தாள். அதன்பின் அக்காவின் வெள்ளிக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் எங்களுக்குத் தெரியாத பெயர்கள் வரத் தொடங்கின.

ஆண்டு முடிந்தது. எப்போது வருகிறாய் என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள்.

“இங்க மழைக்காலம் முடியட்டும்மா,” என்றாள் அக்கா.

அவளுக்குப் பின்னாலிருந்து அத்தானின் குரலும் கேட்டது: “நாலு தூத்தலுக்குப் பேரு மழைக்காலமாம்.”

அம்மா தொலைபேசியை வைத்தாள். பிறகு அக்காவின் அறையை இனி நானே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அன்று மாலையே என் மேசையை அங்கே மாற்றிப் போட்டேன்.