கையில் வாங்காத வால்வு

தஞ்சாவூர்ப் பொருட்காட்சியில் அந்தப் போர்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் வயிறு எரிந்திருக்காது. எரிந்திருக்க வேண்டும். பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ‘செல்லதுரை வால்வு’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வால்வை யோசித்தவன் செல்லதுரை இல்லை. செய்தவனும் இல்லை. எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டுகூட அந்தப் பிள்ளையின் விரலில் பட்டதில்லை. செய்தவர் வீரையன். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே இராஜாங்கம் என்பவர் வைத்திருந்த ரைஸ்மில்லில் எஞ்சின் டிரைவர். மில்லில் எல்லாரும் ‘அவன்’ என்றுதான் சொல்வார்கள். நாம் ‘அவர்’ என்றே சொல்வோம்.

வீரையனின் அப்பா இராஜாங்கத்தின் வயலில் பண்ணையாளாக இருந்து அந்தச் சேற்றிலேயே செத்தார். வீரையன் நாலாம் வகுப்போடு நின்று, அதே வயலில் பரம்படித்து, இருபது வயதில் பாய்லருக்கு உமி தள்ள மில்லுக்கு வந்தார். தள்ளித் தள்ளி வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே தீக்காயத் தழும்பு. பத்து வருஷத்தில் பாய்லர் பரீட்சை பாஸ் பண்ணி சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டார். அதை ஆசை ஆசையாக முதலாளியிடம் நீட்டினால், “அந்தப் படியில வைடா” என்றார் இராஜாங்கம். வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்ற பிறகுதான் அவர் குனிந்து எடுத்தார்.

எல்லாமே அப்படித்தான். எஞ்சின் ரூம் சாவியைக் காலையில் வீரையன் படியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், சாயங்காலம் படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சேரி ஆள் கையிலிருந்து எதையும் நேராக வாங்குவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். இத்தனைக்கும் இராஜாங்கம் கரைவேட்டி கட்டிய ஆளுங்கட்சிக்காரர். கடைத்தெருவில் மேடை போட்டால் சாதியை ஒழிக்காமல் கீழே இறங்க மாட்டார். இறங்கி வீட்டுக்கு வந்ததும் சாவி படியில் கிடக்க வேண்டும். என்ன நாக்கோ அது!

அந்த எஞ்சின் ஒரு தீராத சீக்காளி. சிலிண்டருக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் கவிழ்த்து வைத்த தட்டுபோல ஒரு வால்வு. அது முன்னும் பின்னும் வழுக்கி, நீராவியை ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் அனுப்பும். அதுதான் வேலை. ஆனால் பெட்டி நிறைய இருக்கும் நீராவி அதன் முதுகில் ஏறி அழுத்தும். வால்வு முனகும், தேயும். நாலு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, அது வழுக்கும் அடிமுகத்தைத் தேய்த்துச் சரி பண்ண வேண்டும். உமியோ கூடை கூடையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மில் வாசலில் நின்று எதிர் வயலில் பரம்படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் வீரையன். சேற்றைச் சமன் செய்ய மாடுகள் பலகையை இழுக்க, பலகை அழுந்துவதற்காக ஓர் ஆள் அதன் மேல் ஏறி நின்றான். வரப்பு வந்ததும் அவன் இறங்கினான். மாடுகள் சும்மா நடப்பதுபோல் நடந்தன. வீரையனுக்குச் சுரீரென்றது. அன்றைக்கே முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறி, லேத் பட்டறை வைத்திருந்த சிநேகிதர் மீரா உசேனிடம் போய் நின்றார்.

“பாய், வால்வு மேல ஸ்டீம் ஏறி நிக்கிது. அந்த ஆள இறக்கி விடணும்.”

“ஸ்டீம எப்படிய்யா இறக்குவே?”

“முதுகுல ஒரு வளையம் கட்டுவோம். பெட்டி மூடியோட ஒட்டிக்கிட்டே அது வழுக்கட்டும். வளையத்துக்குள்ள ஸ்டீம் வராதுல்ல?”

மீரா உசேன் தாடியைச் சொறிந்தார். “கசியுமே. கொஞ்சம் கொஞ்சமா உள்ள சேந்து மறுபடி அழுத்துமே.”

“அதுக்குத்தான் நடுவுல ஒரு சின்ன ஓட்டை. கசியறது அது வழியா எறங்கி, வேலை முடிஞ்ச ஸ்டீம் போற பாதையிலேயே வெளிய போயிரும்.”

மூன்று வால்வு பாழாகி நாலாவது சரியாக வந்தது. அதை மாட்டிய அன்று எஞ்சின் முனகவே இல்லை. பத்துக் கூடை உமி போன இடத்தில் ஒன்பது போதும் என்றானது. ஒரு வருஷம் ஓடியும் வால்வின் முகம் கண்ணாடியாக இருந்தது. மிச்ச உமியைச் செங்கல் காளவாய்க்கு விற்ற இராஜாங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்திருந்த மகன் செல்லதுரை அப்போதுதான் நோட்டும் பென்சிலுமாக எஞ்சின் ரூமுக்கு வந்தான். அப்பா வயதுள்ள மனிதரைப் பார்த்து, “வீரையா, அந்த வால்வைக் கழட்டு. பாக்கணும்” என்றான். வீரையன் கழற்றித் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“கீழ வை.”

சிமெண்டுத் தரையில் முகம் கீழாக, முதுகு மேலாக வைத்தார். செல்லதுரை நின்றபடியே வரைந்துகொண்டான். நடுவிலிருந்த ஓட்டையில் கிரீஸ் அடைத்திருந்தது. ஏதோ வார்ப்பில் விழுந்த குழி என்று நினைத்து அதை வரையாமல் விட்டான். கையில் வாங்கிப் புரட்டியிருந்தால் மறுபக்கம் தெரிந்திருக்கும். படித்த படிப்பு அவனைக் குனிய விடவில்லை, பிறந்த வீடு அவனைத் தொட விடவில்லை.

இரண்டு மாதத்தில் பொருட்காட்சிச் சேதி வந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறையில் அந்தப் படத்தை வைத்து ஒரு வால்வு செய்து, சின்ன எஞ்சின் ஒன்றில் மாட்டி, தஞ்சாவூரில் ஓட்டிக் காட்டப்போகிறார்கள். போர்டில் என்ன பெயர் என்பதை லாரி டிரைவர் வந்து சொன்னார். வீரையன் அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் இராஜாங்கத்தின் முன் போய் நின்றார்.

“ஐயா, அது நான் செஞ்சதுங்க. எம் பேரையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லுங்க.”

அந்த வருஷம் கூலி நெல் கூடக் கேட்டு நடவு ஆட்கள் ஊர் ஊராக வேலையை நிறுத்தியிருந்தார்கள். வீரையனின் மனைவி பொன்னுத்தாய் முன்வரிசையில் நின்றாள்.

“உம் பொண்டாட்டி செவப்புக் கொடியப் புடிச்சுக்கிட்டு என் வயல்ல எறங்கி நிக்கிறா. உம் பேர நான் போர்டுல எழுதணுமா?” என்றார் இராஜாங்கம். “ஒன்னய இன்னும் வேலையில வச்சிருக்கேன்ல, போய் அதப் பாருடா.”

பொருட்காட்சி தொடங்கி மூன்றாம் நாள் மில் கார் வீரையனைத் தேடித் தெருவுக்கே வந்தது. தஞ்சாவூரில் எஞ்சின் பத்து நிமிஷம் ஜோராக ஓடுகிறது, அப்புறம் முனகுகிறது, வால்வுக் கம்பி வெடவெடவென்று ஆடுகிறது. இன்றைக்குக் கலெக்டர் வருகிறார். காரில் முன் ஸீட் காலியாகத்தான் இருந்தது. வீரையனைப் பின்னால் டூல்ஸ் பெட்டியோடு உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள்.

வால்வைக் கழற்றிப் பார்த்ததும் வீரையனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே ஆத்திரம் பொங்கியது. திருடியதைக்கூட ஒழுங்காகத் திருடவில்லையே! கை டிரில்லை எடுத்து நடுவில் துளை போட்டார். துடைத்தார். செல்லதுரையிடம் நீட்டினார்.

“கீழ வை, பாக்குறேன்.”

“மாட்டேங்க.”

“என்னது?”

“அன்னிக்குக் கீழ வச்சதுனாலதான் ஓட்டை ஒங்களுக்குத் தெரியல. கையில வாங்கித் திருப்பிப் பாருங்க.”

சுற்றிலும் கூட்டம். மைக்கில் கலெக்டர் கார் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். இராஜாங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார், “வாங்கித் தொலைடா.” செல்லதுரை பேண்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தான்.

“அது வேணாங்க. வெரலால தடவுனாத்தான் தெரியும்.”

வாங்கினான். புரட்டினான். துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேப்பர்காரர் போட்டோ எடுத்தார்.

எஞ்சின் ஓடியது. கலெக்டர் செல்லதுரையின் கையைக் குலுக்கினார். போர்டு அப்படியே தொங்கியது. வீரையன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரை விரித்தால், செல்லதுரை கையில் வால்வோடு நிற்கிறான். ‘தாமே வடிவமைத்த வால்வுடன் இளம் பொறியாளர்’ என்று கீழே அச்சடித்திருந்தது. வீரையன் இருந்த பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பேப்பரைப் பார்த்த பொன்னுத்தாய் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“இந்தாய்யா, இது ஒன் கைதானே?”

ஆமாம். வால்வைக் கொடுக்கிற ஒரு கை, முழங்கை வரை, தழும்போடு.

“ஆளை வெட்டிட்டு கையை மட்டும் விட்டுட்டானுவ பாரு, எடுபட்ட பயலுவ” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வீரையன் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மில்லில் தொட்டி நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பாய்லர் மூட்டி அவித்தாக வேண்டும். சாயங்காலம் வீரையன் எஞ்சின் ரூமைப் பூட்டி, இராஜாங்கத்தின் வீட்டுப் படியருகே போய் நின்றார். சாவியைக் கீழே வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“வச்சிட்டுப் போடா.”

வீரையன் மடியிலிருந்த பேப்பரை விரித்துக் காட்டினார். “ஜில்லாவே பாத்துருச்சுங்க, ஒங்க வீட்டுப் புள்ள எங் கையிலேருந்து வாங்குனத. இனிமே என்னங்க?”

இராஜாங்கம் படத்தைப் பார்த்தார். அந்தத் தழும்பு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தெருவில் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கட்சிக்காரர்களும் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். அதற்காக அவரை யாராவது மெச்சினால் அவர்களை என்ன செய்தாலும் தகும்.

“இப்ப போர்டுல பேர மாத்தச் சொல்லுங்க” என்றார் வீரையன்.

“அது மட்டும் நடக்காது.”

“அப்ப சாவி ஒங்க கையிலயே இருக்கட்டுங்க.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாய்லர் மூட்ட வேறு சர்டிபிகேட்காரர் கிடைக்காமல், மூன்றாம் நாள் தொட்டியில் ஊறிய நெல் நாறித் தெருவே மூக்கைப் பிடித்தது. ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். “போர்டு மாறிருச்சா?” என்று மட்டும் கேட்டார். மாறவில்லை. அவரும் போகவில்லை.

பிறகு மீரா உசேனின் பட்டறையில்தான் இருந்தார். கரண்ட் மோட்டார் வந்து நீராவி எஞ்சின்களெல்லாம் காயலான் கடைக்குப் போகும்வரை, அந்தப் பக்கத்து மில்களுக்கு வால்வு அங்கிருந்துதான் போனது. ஒவ்வொன்றிலும் உளியால் ‘வீரையன்’ என்று வெட்டினார். முதுகில் இல்லை, உள்பக்கம், அந்த ஓட்டைக்குப் பக்கத்தில். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.