ஐதராபாத்துக்குத் தனி விமானம்: ஆறு மணி நேரமும் ஒரு பச்சைப் பையும்

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் வேன் பேசுவது எப்படி என்று தேடி வருகிறவர்கள். உத்திரமேரூரில் இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறவள் வேறு எதைப் பற்றி எழுதுவாள்? ஆனால் இந்தத் தடவை வேன் இல்லை, தனி விமானம். "உனக்கு வந்த வாழ்வைப் பாரு வசந்தா" என்று வாயைப் பிளக்காதீர்கள். என் அண்ணன் கோதண்டத்துக்கு இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், மாற்று நுரையீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றாகிவிட்டது. அதற்காகப் போன பயணம் இது.

சென்னையில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். அண்ணனுக்கு மூன்று வருஷமாக வைத்தியம் பார்த்த டாக்டர் ஐதராபாத்துக்கு மாறிப்போனார். அவர் கையைத் தவிர வேறு யார் கையிலும் படுக்க மாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடி. சரி என்று அங்கேயே பதிவு செய்தோம். அங்கே சொன்னது இதுதான்: யாரோ ஒருவரின் நுரையீரல் கிடைத்ததும் போன் வரும். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல முடியாது. போன் வந்த ஆறு மணி நேரத்துக்குள் நோயாளி ஆஸ்பத்திரி வாசலில் இருக்க வேண்டும். தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குங்கள் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "அங்க போயி படுத்துக்கினு, சாவு வருதா நுரையீரல் வருதான்னு கதவையே பாத்துக்கினு இருக்கணுமா? எனக்கு என் வூடு போதும்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் நாற்பத்தாறு கிலோவாகிப்போன மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? வீட்டிலிருந்தே ஆறு மணி நேரத்தில் போக வழி உண்டா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

ரயில், பஸ் பேச்சுக்கே இடமில்லை. சாதாரண விமானத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கே சில நாள் ஆகும். மிச்சம் இருந்தது மருத்துவ வசதியுள்ள தனி விமானம் மட்டும். ரோட்டோரம் இருந்த முக்கால் ஏக்கரை விற்றோம். அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லப்போவதில்லை.

நான்கு கம்பெனிகளுக்குப் போன் போட்டேன். வேன் பேசியே பழகிய வாய் அல்லவா, முதல் ஆளிடம் "பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேத்தா?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஆள் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "மேடம், பைலட்டுக்கு பேட்டா கெடையாது" என்றார். சிரிக்காதீர்கள், அந்தக் கேள்வி வீண்போகவில்லை. பார்க்கிங் கட்டணம், காத்திருப்புக் கட்டணம், வெறும் விமானம் திரும்பிப்போகிற செலவு எல்லாம் தனி என்று அப்போதுதான் வெளியே வந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு கம்பெனியிடம் முடித்தேன். அவர்கள் விமானம் சென்னையில் இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி என்று அதையும் பேசி வைத்தேன். நோயாளி, டாக்டர், நர்ஸ், துணைக்கு இரண்டு பேர். ஆளுக்கு ஒரு சின்னப் பை. சொல்லி இரண்டரை மணி நேரத்தில் விமானம் தயார்.

விமானம் பறக்க எழுபது நிமிஷம் போதும். எனக்குக் கவலை, வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வரைக்குமான எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். எங்கள் வேனிலேயே மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். திருமுக்கூடல் பாலம் தாண்டிப் பழையசீவரம் பதினேழு கிலோமீட்டர், அங்கிருந்து வாலாஜாபாத் ஏழு, பிறகு ஒரகடம், படப்பை, வண்டலூர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரண்டு மணி நாற்பது நிமிஷம். பதினொன்றுக்குக் கிளம்பினால் இரண்டு மணி ஐந்து நிமிஷம். திருமுக்கூடல் பக்கம் ஜல்லி லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கடவுள் விட்ட வழி. எல்லாவற்றையும் மூன்று பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யாருக்குப் போன் செய்வது, எந்த ஆக்சிஜன் சிலிண்டர், எந்த ரோடு, எத்தனை நிமிஷம், எல்லாம் அதில் உண்டு.

அப்படி இரண்டு மாதம் போனது. போன் அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவேன். கேஸ் சிலிண்டர்காரரையெல்லாம் கண்டபடி திட்டியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் அம்சா அண்ணி புதன்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் பழையசீவரம் போவார். அங்கே பாலத்துக்குப் பக்கத்திலேயே அவரோடு ஒன்றாகத் தையல் கற்ற எலிசா அக்கா வீடு. "இவரு இப்பிடிக் கெடக்கறப்ப வாரா வாரம் உனுக்கு இன்னா அண்ணி ஊர் சுத்தல்?" என்று நான் கேட்டால், "தோ வந்துட்றேன்" என்பதோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து பத்துக்குப் போன் வந்தது.

நான் என் வேன் கடையிலிருந்து ஓடிவந்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் ஏழுமலைக்குச் சொல்லியாயிற்று, ஆம்புலன்ஸ் பத்து முப்பதுக்கு வாசலில் நின்றது. விமானக் கம்பெனியும் "வண்டி சென்னைல தான் கீது மேடம்" என்று என் பாஷையிலேயே சொல்கிற அளவுக்குப் பழகியிருந்தது. அண்ணனை ஏற்றியாயிற்று. பீரோவைத் திறந்தால் பைல் இல்லை.

அந்தப் பைலில்தான் எல்லாமே. அண்ணனின் ஆதார், ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், விமானத்தில் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம். கடிதம் அசலாகத்தான் வேண்டும், போனில் இருக்கும் படம் செல்லாது என்று கம்பெனிக்காரர் மூன்று முறை சொல்லியிருந்தார். புத்திசாலி நான், எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். எங்கே? அதே பைலுக்குள்.

பீரோவைக் கவிழ்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மெத்தையைப் புரட்டினேன். பத்து ஐம்பது. அண்ணி ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அது வூட்ல இல்ல வசந்தா. எலிசா வூட்ல கீது. பரஸ்தானம் வெச்சிகீறேன்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாது என்று தெரிந்தால், போகிறவருடைய சாமான் ஒன்றை முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் வீட்டை விட்டு எடுத்துப்போய், போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. எங்கள் பக்கம் அதைப் பரஸ்தானம் என்போம். போன் எப்போது வருமோ, ராகு காலத்தில் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அண்ணி பயந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். நாங்கள் நின்றது சரியாக அதற்குள்.

"துணிமணி எதையாச்சும் வெக்கறதுதானே? ஆஸ்பத்திரி பைலப் போயி ஏன் வெச்ச?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

"போறவரு இது இல்லாம போவ முடியாதுன்னு இருந்தாதானே அது பரஸ்தானம்? வேண்டாத துணிய வெச்சா சாமிய ஏமாத்தறதுதானே? நீ திட்டுவேன்னு தான் சொல்லல." அண்ணி அழவே ஆரம்பித்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து அண்ணன் கையைத் தூக்கினார். "வசந்தா, கத்தாத. இருக்கிற காத்தையெல்லாம் நீயே இழுத்துக்கினா எனக்கு இன்னா மிச்சம்? வண்டிய எடு."

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பினோம். கணக்குப்படி பன்னிரண்டு நிமிஷம் தாமதம். எலிசா அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நான்கு தடவை. வீடு பூட்டியிருந்தால்? அக்கா வாலாஜாபாத் சந்தைக்குப் போயிருந்தால்? பூட்டை உடைத்துவிடலாம் என்று ஏழுமலை சொல்கிறார். அதற்கு எத்தனை நிமிஷம்? சுவரில் ஒட்டிய மூன்று பக்கத்தில் இது இல்லையே! அண்ணி கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னும் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

பதினொன்று பதினான்குக்குப் பாலம் ஏறினோம். சைரன் அலறுகிறது. பாலம் இறங்குகிற இடத்தில், ரோட்டின் நடுவுக்கே வந்து ஒரு பெண் நிற்கிறார். கையில் பச்சை ரெக்சின் பை. தலையில் எண்ணெய் வைத்துப் பாதி வாரிய கூந்தல், சீப்பு அதிலேயே செருகியிருக்கிறது. எலிசா அக்கா!

ஏழுமலை வேகத்தைக் குறைக்க, ஜன்னல் வழியாகவே பையை வாங்கினேன். "எப்பிடிக்கா தெரியும்? போனே எடுக்கலியே?"

"போன் உள்ள சார்ஜ்ல கீதும்மா. சங்கு சத்தம் கேட்டா பையோட ரோட்டுக்கு வந்துருன்னு அம்சா சொல்லிக்கீது. ரெண்டு மாசமா எந்த ஆம்புலன்ஸ் போனாலும் தூக்கிக்கினு ஓடியார்றேன். போங்க போங்க, கர்த்தர் கூட வருவாரு!"

இரண்டு மாதமாக எல்லா ஆம்புலன்ஸுக்கும். அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை போகும் என்று ஏழுமலையைக் கேட்டேன். ஆறேழு போகும் என்றார். அண்ணி அப்போதுதான் மீதியையும் சொன்னார். பரஸ்தானம் ஏழு நாளைக்குத்தான் செல்லுமாம். அதனால் புதன்தோறும் போய்ப் பையை வாங்கி, பாலத்தின் எங்கள் ஊர்ப் பக்கம் வரைக்கும் நடந்து வந்து, மறுபடி நல்ல நேரம் பார்த்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இதைத்தான் நான் ஊர் சுத்தல் என்று சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு விமான நிலையத்தின் பக்கவாட்டுக் கேட். கடிதத்தின் அசலைக் கேட்டார்கள், எடுத்து நீட்டினேன். விமானம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, எங்கள் சின்ன வேன் அளவுதான் இருக்கும். ஒன்று இருபத்தைந்துக்கு மேலே ஏறியது. அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஏரியெல்லாம் எவ்ளோ தண்ணி கீது பாரேன்" என்றார். அவருடைய ஆக்சிஜன் அளவு காட்டும் எண்ணைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. எண்பத்தெட்டு, எண்பத்தாறு, மறுபடி எண்பத்தெட்டு.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஐதராபாத். மூன்று இருபத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசல். போன் வந்து ஐந்து மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம். எலிசா அக்கா ரோட்டில் நிற்காமல், நாங்கள் வீடு தேடி, பூட்டை உடைத்து, ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னாலும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். வந்திருக்கிற நுரையீரல் நல்லதா என்று பார்த்த பிறகுதான் ஆபரேஷன், இல்லையென்றால் அப்படியே திரும்ப வேண்டியதுதான் என்றார்கள். அது எனக்கு முன்னமே தெரியும். ஆனாலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் பச்சைப் பையைத் திறந்து பார்த்தேன். பைல் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு புது வேட்டி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத நீலக்கட்டம் போட்ட சட்டை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"ஆபரேஷனுக்கு வந்தவருக்கு செருப்பு எதுக்கு அண்ணி?"

"திரும்பி வர்றப்ப போட்டுக்கினு நடந்து வர்றதுக்கு."

என் மூன்று பக்கத் திட்டத்தின் போட்டோ போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி, ஆஸ்பத்திரி வாசல். அதோடு முடிந்துவிட்டது. நூறு திருப்பதி வேன் பேசியிருக்கிறேன், திரும்பி வருகிற நேரம் எழுதாமல் ஒரு வண்டிகூட என் கடையிலிருந்து கிளம்பியது கிடையாது. அண்ணனுக்கு மட்டும் எழுதவில்லை. மறதியில்லை. எனக்கு நம்பிக்கையே இல்லாமல் இருந்திருக்கிறது. அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், அண்ணி மடியில் தலையை வைத்து அழுதேன்.

ஐந்து நாற்பதுக்கு டாக்டர் வந்து, நுரையீரல் நன்றாக இருக்கிறது, ஆரம்பிக்கிறோம் என்றார்.

இனி, இப்படி ஒரு பயணம் யாருக்காவது வந்தால் (வர வேண்டாம்): விமானத்துக்கு விலை கேட்கும்போது வெறும் விமானம் திரும்புகிற செலவு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே கம்பெனியை நம்பாதீர்கள். நோயாளியின் எடை கேட்டால் போன வாரம் பார்த்ததைச் சொல்லுங்கள், போன வருஷத்தது வேண்டாம். ரோட்டை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஜெராக்ஸை அசலோடு வைக்காதீர்கள், என்னை மாதிரி. வீட்டில் யாராவது ஏதாவது மறைத்தால், நீங்கள் எவ்வளவு கத்துகிறவர் என்று முதலில் யோசியுங்கள்.

இதை ஐதராபாத்தில் வாடகை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து இன்றோடு அறுபத்தெட்டு நாள். நடுவில் இரண்டு முறை காய்ச்சல் வந்து அண்ணன் எங்கள் உயிரை எடுத்துவிட்டார். இப்போது குழாய் இல்லை. காலையில் வராந்தாவில் எட்டு நடை நடந்துவிட்டு, இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார். அடுத்த வாரம் ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதாரண விமானம், மூன்று டிக்கெட், பதினான்காயிரத்து இருநூறு. அது கிளம்புகிற நேரம் சரியாக எமகண்டத்தில் வருகிறது. அண்ணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் கத்துவேன் என்ற பயம்.

இன்று காலை ஒன்பது இருபதுக்கு, நல்ல நேரத்தில், பச்சைப் பையை நானே எடுத்துக்கொண்டு போனேன். தெற்குத் தெருவில், எங்கள் ஊர் இருக்கிற திசையில், எங்களுக்குத் தினமும் பால் ஊற்றுகிற அம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு அரைகுறை, ஆனாலும் விஷயம் புரிந்து தலையாட்டினார். பையில் அண்ணனின் செருப்பு மட்டும் இருக்கிறது. அது இல்லாமல் அவர் வீட்டுக்கு நடந்து போக முடியாது.