மாரிக் காட்டுக்கு ஒரு சப்பாத்து

மூன்று நாள் அடைமழை விட்டிருந்த ஒரு காலையில் எங்கள் வீட்டு முன்னறை முழுவதும் றப்பர் மணந்தது. நெல்லும் அடுப்புப் புகையும் ஈரச் சாக்கும் மணக்கிற வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்ட அந்தக் காரமான மணம், வாசலில் நின்ற நாயைக்கூட இரண்டு தரம் தும்ம வைத்தது. மணத்துக்குக் காரணமான சப்பாத்துகள் மூன்று சோடி பாயின்மேல் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னால் ஐயா பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டு இருந்தார். எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

பளைப் பக்கத்திலிருந்து தர்மபுரத்துக் குடியேற்றத்துக்கு நாங்கள் வந்து அது மூன்றாவது மாரி. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. காட்டை வெட்டி எடுத்த வயலில் பயிர் தலை நிமிர்த்துமுன்னரே பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். பாதை சேறாகிவிட்டால் மீனும் கருவாடும் வருவது நின்றுவிடும். ஆகவே பயிரைக் காக்கவும் சட்டிக்குள் ஏதேனும் போடவும் ஆண்கள் காட்டுக்குள் இறங்குவது வழக்கம். ஐயாவும் இறங்கியவர்தான். ஆனால் முந்திய மாரியில் ஒரு புடையன் பாம்பு அவருடைய வலது காலில் கொத்தியது. விசகடிக்கு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரின் வீட்டில் பதினொரு நாள் கிடந்து உயிர் தப்பினார்; கால் மட்டும் பழைய காலாகத் திரும்பி வரவில்லை. பெருவிரலைச் சுற்றிக் கறுத்துப்போன தோல் ஈரம் பட்டால் வெடித்துப் புண்ணாகும். இன்னொரு தரம் கடிபட்டால் ஆள் மிஞ்சாது என்று பரியாரியார் அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு அம்மா வேட்டைக் கதையே வீட்டுக்குள் எடுக்க விடுவதில்லை. ஐயா கெஞ்சியும் கோபித்தும் சாப்பிடாமல் படுத்தும் ஒரு வருடத்தை ஓட்டிய பிறகு, அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"முழங்கால்வரைக்கும் மூடுற, தண்ணி போகாத சப்பாத்து ஒண்டு போட்டுக்கொண்டு போங்கோ. இல்லாட்டி இந்தப் படலையைத் தாண்டேலாது."

அது கிட்டத்தட்ட மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் காட்டுக்குள் சப்பாத்துப் போட்டு நடந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் றேஞ்சர். அனுமதியில்லாமல் வேட்டைக்குப் போகிறவர்களைப் பிடிப்பது அவருடைய உத்தியோகம். மற்ற எல்லாரும் வெறுங்காலோடு, மிஞ்சிப்போனால் மரைத்தோலில் வெட்டிய செருப்போடு போனார்கள். சப்பாத்துக்கு எங்கே போவது என்று ஐயா தலையைச் சொறிந்துகொண்டிருந்த போதுதான் காசிம் நானா கைகொடுத்தார். முல்லைத்தீவிலிருந்து மாட்டுவண்டியில் துணிமணியும் பாத்திரமும் கொண்டு ஊர் ஊராக வருகிற வியாபாரி அவர். மலைநாட்டுத் தோட்டங்களை விட்டுப்போன துரைமாரின் ஏலச் சாமான்கள் எந்த வழியாலோ அவருடைய வண்டிக்கு வந்து சேரும். மூன்று சோடியையும் இறக்கி வைத்துவிட்டு, தான் பரந்தனுக்குப் போய் நாளை மறுநாள் திரும்புவதாகவும், அதற்குள் தங்கச்சி பார்த்து ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றும் அம்மாவிடம் சொல்லிப் போனார். போடப்போகிறவர் யார், முடிவு சொல்லப்போகிறவர் யார் என்பது நானாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

முதலாவது பட்டாளத்துத் தோல் சப்பாத்து, அடியில் ஆணி அறைந்தது. அதை அம்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, நனைந்த தோலோடு நடப்பதும் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான் என்று ஒதுக்கி வைத்தார். இரண்டாவது முழங்கால்வரை ஏறுகிற றப்பர், உள்ளே விரற்கடைத் தடிப்பில் கம்பளி. ஐயா காலை விட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. கழற்ற மனமில்லாமல் அடுப்படிவரை அதோடு போய்வந்தார். மூன்றாவதும் அதே உயரம், அதே கறுப்பு, ஆனால் உள்ளே ஒரு துணித்துண்டுகூடக் கிடையாது. காலை விட்டால் தேங்காய்ச் சிரட்டைக்குள் விட்டது போல் இருந்ததாம். கேட்கவே தேவையில்லை, தனக்குக் கம்பளிதான் என்றார் ஐயா.

அம்மா இரண்டு றப்பர் சோடிகளையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், கழுத்துவரை தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, கல்லை உள்ளே போட்டு, அரை நாள் அப்படியே வைத்தார். நானும் தம்பியும் காவல். இரண்டுக்குள்ளும் ஒரு சொட்டு ஏறவில்லை. ஐயா வென்றுவிட்டதாக நினைத்தார். பிறகு அம்மா ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்து, தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மொட்டைச் சப்பாத்து ஒரு துடைப்போடு காய்ந்துவிட்டது. கம்பளிச் சப்பாத்து நானா திரும்பி வந்த அன்றும் பிழிந்தால் சொட்டியது, நாற்றமும் எடுத்திருந்தது. இந்த மாரிக்குள் இதை எந்த வெயிலில் காயவைப்பது, துரைக்குக் குளிர், உங்களுக்குப் புண் என்றார் அம்மா. நானா சிரித்துக்கொண்டே கம்பளியை வண்டியில் ஏற்றினார்.

ஐயாவைக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டவர் வேலர் என்று எல்லாரும் கூப்பிடும் வேலுப்பிள்ளை. உடையார்கட்டுப் பக்கத்தில் பிறந்து காட்டிலேயே வளர்ந்தவர்; வயதில் மூத்தவர் என்பதால் ஐயாவைத் தம்பி என்பார். அவரிடம் மருந்து இடித்துச் சுடுகிற "இடியன்" துவக்கு ஒன்று இருந்தது. அதற்குரிய அனுமதிக் கடுதாசி மட்டும் இருக்கவில்லை. போகிற அன்று காலை ஐயா சப்பாத்தோடு முற்றத்தைச் சுற்றி நடந்து காட்டினார். இறைச்சி போட்டு வர என்று ஒரு சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா படலைவரை போய், அவர் வளைவில் மறையும் மட்டும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அந்த வருடம் முழுவதும் கண்டதில்லை.

மத்தியானம் திரும்பியிருக்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு வேலர்தான் வந்தார், தனியாக, கையில் துவக்கும் இல்லாமல், காட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்த களைப்போடு. காட்டுக்குள் இருக்கிற குளத்தின் மறுகரையால் போய்ப் பன்றியைத் தன் பக்கம் கலைத்துவிடச் சொல்லி ஐயாவை அனுப்பிவிட்டு, வெகுநேரம் காத்திருந்தாராம். பன்றியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தேடிப் போனபோது ஈர மணலில் சப்பாத்தின் அடிச்சுவடு கிடந்தது. அதைப் பார்த்து நிற்கும்போதே காட்டுக்குள் தூரத்திலிருந்து யாரோ அவருடைய பெயரை உரத்துக் கூப்பிடுவது கேட்டது. துவக்கை ஒரு மரப்பொந்துக்குள் செருகிவிட்டு எடுத்த ஓட்டம்.

"பிள்ளை, தம்பி வந்திட்டானோ? உள்ளுக்கை றேஞ்சர் நிக்கிறார். என்ரை பேரை முழுசாச் சொல்லியெல்லே கூப்பிடுறார்."

அம்மா உடனே திருத்தினார்.

"அது இவரின்ரை சப்பாத்து, அண்ணை."

"தம்பி வெறுங்காலோடையெல்லோ வந்தவன்," என்றார் வேலர்.

எனக்கே விளங்கிவிட்டது, அம்மாவுக்கு விளங்காதா. வளைவைத் தாண்டியதும் ஐயா சப்பாத்தைக் கழற்றிச் சாக்குக்குள் போட்டிருக்கிறார். வன்னியில் பிறந்த வேலரே வெறுங்காலோடு நிற்கையில் தான் மட்டும் துரை மாதிரிப் போய் நிற்க வெட்கம். பிறகு தனியாக விட்டதும் புடையன் பயம் வந்து எடுத்துப் போட்டிருக்கிறார். அதோடு இன்னொரு பிழையும். அந்தக் காட்டுக்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "கூ" என்று ஒரு குரல் வைப்பார்கள், பதிலுக்கு இன்னொரு "கூ" வரும். எங்கள் ஐயா பளையில் வேலிக்கு வேலி பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவர். வேட்டைக்காரனின் பெயரைக் காட்டுக்குள் நின்று கத்துகிற சப்பாத்துக்காரர் றேஞ்சராக அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

கூப்பிட்டதும் அவர்தான், நடவுங்கோ என்று மட்டும் சொல்லி அம்மா சேலையை உயர்த்திச் செருகினார். பொழுதுபட்டால் அந்தக் குளத்துக்கு யானை இறங்கும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். தம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டு, காட்டுக்கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு வேலருக்கு முன்னால் ஓடினார். நான் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். அவ்வளவு பயம் அதற்குப் பின்னரும் பல தரம் வாழ்க்கையில் வந்தது. ஆனால் அதுதான் முதல் தரம்.

கருக்கலில் மூன்று பேரும் வந்தார்கள். நடுவில் ஐயா, இரண்டு தோள்களில் தொங்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு. குளத்தின் ஓரச் சேற்றில் தொடைவரை புதைந்திருக்கிறார். வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஏறாத சப்பாத்து, மேல்விளிம்பால் தண்ணீர் புகுந்ததும் ஒரு சொட்டையும் வெளியே விட மறுத்துக் கல்லாகக் கனத்துவிட்டது. இழுத்த இழுப்பில் கணுக்கால் பிசகி, சப்பாத்தைச் சேற்றுக்கே விட்டுவிட்டு, தவழ்ந்து போய் விழுந்த மரமொன்றில் ஏறிக் குந்தியிருந்திருக்கிறார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மறுகரையில் இரண்டு யானை தண்ணீருக்குள் நின்றனவாம். வேலர் வைத்த "கூ"வுக்கும் ஐயா வேலுப்பிள்ளை அண்ணை என்றுதான் பதில் கொடுத்தாராம்.

ஐயாவின் காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிய பிறகுதான் அம்மா உட்கார்ந்தார். நான் விளக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஐயா அம்மாவின் பாதங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் ஊசி கேட்டார். அம்மா காலை இழுத்துக்கொள்ள, ஐயா விடாமல் எடுத்து மடியில் வைத்து ஒவ்வொன்றாக முள் எடுத்தார். ஏழு முள். ஒன்று உள்ளே முறிந்திருந்தது.

"உனக்கும் ஒரு சோடி எடுப்பம்," என்றார்.

"எனக்கென்னத்துக்கு? நான் என்ன வேட்டைக்கே போறன்?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அடுத்த நாள் விடியவே அம்மா வயலுக்குப் போய்விட்டார்.

பின்னர் எத்தனையோ வருடங்கள் எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஐயாவின் வெட்கத்துக்கும் வேலரின் ஓட்டத்துக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்று சொல்லிச் சிரிக்க அவர்கள் ஒருவரும் இல்லை. அந்தக் குளத்தைச் சுற்றி நின்ற காடு வயலாகி, வயல் வெறுந்தரையாகி, இப்போது வீடுகளாகிவிட்டது. மாட்டுவண்டி வியாபாரமும் போயிற்று, "கூ" என்றால் திரும்பிப் பார்க்க ஆளும் இல்லை.

போன மாரிக்கு முன் மருமகளுக்கு வயலுக்குப் போடச் சப்பாத்து வாங்கக் கிளிநொச்சிக் கடைக்குப் போனேன். பெண்களுக்கு என்றே தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனையாம் நம்பர் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். கேட்டுக்கொண்டுதான் போயிருந்தேன், ஐந்து என்று சொன்னேன். அவள் எடுத்துவர உள்ளே போன சிறிது நேரத்தில்தான் அது எனக்கு உறைத்தது. புடையன் கிடக்கிற அதே வரம்புகளில் அம்மா முப்பது மாரி களை பிடுங்கினார், அதே காட்டில் விறகு பொறுக்கினார், ஐயாவைத் தேடி அதே சேற்றுக்குள் ஓடினார், எல்லாம் வெறுங்காலோடு. அவருக்கு எத்தனையாம் நம்பர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.