காவல் இல்லாத மிளகு

என் கொழுந்தன் பெண்டாட்டி மேல், அதாவது என் ஓரகத்தி மேல், எனக்குப் பொறாமை. நகைநட்டிலோ நிறத்திலோ இல்லை. மனிதர்களை நம்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாளே, அதில்தான்.

நானும் அப்படி இருந்தவள்தான். சில வருடங்களுக்கு முன் கோயில் நோன்புக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், காயவைத்து மூட்டை கட்டி வீட்டில் வைத்திருந்த மிளகைக் காணோம். எங்கள் நாய் குரைக்கவே இல்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். அப்படியென்றால் எங்கள் வீட்டில் சோறு தின்ற கைதான் எடுத்திருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு ஆளை மட்டும் வெறுத்திருப்பேன். தெரியாததால் ஊரையே சந்தேகப்பட்டேன். வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கேட்கவும் செய்தேன்.

எங்கள் ஊரில் மிளகை ஊர்ப்பாறையில்தான் காயப்போடுவோம். அவரவர் இடம் எல்லோருக்கும் தெரியும். பரப்பிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் யாருடையது என்று பார்க்காமல் அள்ளி மூடிவைப்பார்கள். அந்தத் திருட்டுக்குப் பிறகு நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு என் மிளகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். யாராவது குனிந்தால் எழுந்துவிடுவேன்.

“ஏனுங்க்கா, இப்படி வெயில்ல கருகறீங்க? வாங்க, காட்டுக்குப் போலாம். மொளகுக்குக் காலா மொளச்சிருக்குது?” என்று சிரித்துக்கொண்டே போவாள் ஓரகத்தி. அவள் மிளகில் ஒரு மணி குறையாது. ஒரு தடவையாவது குறையட்டும், அப்போது தெரியும் என்று மனசுக்குள் கறுவியிருக்கிறேன்.

போன மாசியில் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று நெஞ்சுவலி. பரப்பிய மிளகை அப்படியே விட்டுவிட்டு அவரை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மதியம் மழை கொட்டியிருக்கிறது. அவர் தேறி, மறுநாள் நாங்கள் ஊர் திரும்பியபோது, ஓரகத்தியின் மிளகு தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் இருந்தது. அவளும் அன்று துறையூர் போயிருந்தாள். அள்ளிவைத்தது அக்கம்பக்கத்தார். என்னுடையது தண்ணீரில் ஊறிக்கிடந்தது.

“என்னோடத மட்டும் ஏன் உட்டீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கத்தினேன்.

“ஏனுங்க்கா, உங்க மொளகத் தொட்டுட்டு நாளைக்கு யாருங்க பேச்சு வாங்கறது?” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

பாறையில் உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தேன். ஓரகத்தி கூப்பிடாமலே வந்து எதிரில் உட்கார்ந்து அள்ளினாள். இவளுக்கென்றால் மட்டும் ஊரே ஓடிவருகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதும் என் கண் அவள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கவனித்துவிட்டாள். எழுந்து முந்தானையை உதறிக் காட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்து என் மிளகை அள்ளினாள்.