கண்ணாடிக்கு மேலே ஓடும் ரயில்

என் தம்பி முடிதிருத்துகிறவன். இருவரும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினோம். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன், அவன் கத்தரியைப் பிடித்தான். என் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதனால் இதில் எதுவும் கேள்விப்பட்டதல்ல, கண்ணால் பார்த்தது.

அவன் கடையில் கண்ணாடிக்கு மேலே, நாலு சுவரையும் சுற்றி ஒரு பலகை. அதில் பொம்மை ரயில் ஓடும். ஓர் இன்ஜின், ஐந்து பெட்டிகள். கத்தரியைக் கண்டு அலறும் பிள்ளைகள்கூட அதைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருப்பார்கள்.

மருந்துக்கடைக்காரரின் ஆறு வயது மகள் மூன்று கடைகளில் பாதியில் எழுந்து ஓடியவள். முடி கண்ணை மறைத்து, வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை. தம்பி அவளிடம் வாக்குக் கொடுத்தான். "ரயில் சுத்தற சுத்தை நீ எண்ணிக்கிட்டே இரு. பத்து வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். நடுவுல ரயில் நின்னா நானும் நிறுத்திடறேன்." சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் ரயில் மக்கர் செய்யத் தொடங்கியது. வாசல்பக்க வளைவுக்கு வந்ததும் திணறி நின்றுவிடும். விரலால் தள்ளினால் போகும். அடுத்த சுற்றில் மறுபடி அதே இடம். தம்பி தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், இன்ஜின் சக்கரங்களைத் துடைத்தான், வளைவுக்கு வரும் ஒயரை இரண்டு முறை பற்றவைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஸ்டூல்மேல் நின்றபடி முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

"அந்தக் கொழந்த என்னை நம்பி வருதுக்கா."

"நீயே கூன்னு கத்திக்கிட்டு கடையச் சுத்தி ஓடேன்."

"ஓடறேன். முடிய நீ வெட்டறியா?"

சொன்னவன் சட்டென்று ரயிலைப் பார்த்தான். "இரு. பாரமில்லாம விட்டுப் பாக்கறேன்."

பெட்டிகளைக் கழற்றி இன்ஜினை மட்டும் விட்டான். வளைவில் ஜம்மென்று போனது. ஒவ்வொரு பெட்டியாகச் சேர்த்தான். இரண்டு வரை ஓட்டம். மூன்றாவதைக் கோத்ததும் வளைவில் நின்றது. அந்தப் பெட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுண்டினான். அது சுழலவில்லை. பாபினில் நூல் சுற்றியதுபோல அச்சு முழுக்க முடி. கறுப்பு, நரை, சாயம் போட்டது, எல்லாம் இருந்தது. போன மாதம் ஆசையாக வாங்கிய ஹேர் டிரையர் பொடிமுடியை எல்லாம் மேலே ஊதி ஏற்றியிருக்கிறது.

"பாதி ஊரு டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு," என்றான். வாரம் முழுக்க இல்லாத சிரிப்பு முகத்தில் வந்தது.

நான் தையல் பிரிக்கும் முள்ளால் முடியை அறுத்துவிட, அவன் சின்ன இடுக்கியால் உருவினான். மற்ற நாலு பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தோம். அச்சுகளில் ஒவ்வொரு பொட்டு எண்ணெய் வைத்தான். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐந்து பெட்டிகளும் ஓடின.

அவள் வந்தாள், உட்கார்ந்தாள், உரக்க எண்ணினாள். முதல் சுற்றில் ரயில் வளைவை நெருங்கியபோது தம்பியின் கத்தரி ஒரு கணம் காற்றில் நின்றதைப் பார்த்தேன். ரயில் கடந்தது. கத்தரி இறங்கியது. அதன்பிறகு அவன் மேலே பார்க்கவே இல்லை.

ஒன்பதாவது சுற்றில் துணியை உதறினான். டிரையரை எடுக்கவில்லை, பிரஷ்ஷால் கழுத்தைத் துடைத்தான்.

"பத்து இன்னும் வரலையே?" என்றாள்.

"உக்காந்து பாத்துட்டுப் போ."

நான் என் கடைக்குத் திரும்பி, பாதியில் விட்ட பாவாடையை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருபத்திமூன்றில் இருந்தாள்.